அண்டார்க்டிகாவின் மார்கரீட் விரிகுடாவிலிருந்து

ஜனவரி 11

காலையிலேயே, நீரின் உப்பையும் வெப்பத்தையும் ஆழத்தையும் அளக்கும் சி.டி.டி. கருவியைக் கடலுக்குள் இறக்கினோம். வடம் மெல்ல அவிழ, திரையில் வெப்பநிலைக் கோடு கீழே நீண்டது. மேற்பரப்பில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர். நூறு மீட்டருக்குள் மைனஸ் 1.5. போன குளிர்காலம் விட்டுச்சென்ற நீர் அது. அதற்கும் கீழே கோடு வலப்பக்கம் திரும்பியது. முந்நூறு மீட்டரில் பிளஸ் 1.2 டிகிரி!

அடியில் போகப் போகச் சூடா, கருவி கெட்டுவிட்டதா என்று புதிதாக வந்த மாணவி கேட்டாள். கெடவில்லை. இவ்வளவு குளிரில் நீரின் அடர்த்தியை வெப்பத்தைவிட உப்பே தீர்மானிக்கிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் ஆழ்நீர் உப்பு மிகுந்தது. அதனால் வெதுவெதுப்பாக இருந்தும் கீழேயே கிடக்கிறது. பழைய பனியாறுகள் கடல்தரையில் உழுதுவிட்டுப் போன பள்ளங்கள் வழியே இங்குவரை வந்துவிடுகிறது.

ஜனவரி 13

கடுங்காற்று. கருவி இறக்க வழியில்லை.

ஒரு டிகிரி என்ன பெரிதா என்று கேட்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன். கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.9 டிகிரியில். ஆழம் கூடக்கூட உறைநிலை இன்னும் இறங்கும், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் டிகிரி. ஆக, பனியாற்றின் அடிவாரத்தைத் தொடும்போது இந்த நீர் உறைநிலையைவிட மூன்று டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கிறது. அமுண்ட்சென் கடலில் த்வைட்ஸ் பனியாற்றை அடியிலிருந்து அரித்துக்கொண்டிருப்பதும் இதே ஆழ்நீர்தான். காற்றின் சூடும் சேதம் செய்யும். 2002-ல் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியது அப்படித்தான். ஆனால் மேற்கு அண்டார்க்டிகாவைப் பொறுத்தவரை என் கவலையெல்லாம் கடலுக்கு அடியில்தான்.

ஜனவரி 16

இரவு வலையில் நல்ல கிரில், இறால் போன்ற சிறு உயிர். ஆறு சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்பு, கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் பாசி தின்ற வயிறு பச்சையாகத் தெரிந்தது. திமிங்கிலம், சீல், பென்குயின் எல்லாம் இதை நம்பி இருப்பவை. கிரில் நம்பி இருப்பது கடற்பனியை. குளிர்காலத்தில் அதன் குஞ்சுகள் பனியின் அடிப்பக்கத்தில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றே பிழைக்கின்றன. பனி பிந்தி உறைந்து முந்தி உருகினால் அந்த மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது.

ஆன்வர்ஸ் தீவில் பாமர் ஆய்வு நிலையத்தைச் சுற்றி 1970-களில் சுமார் 15,000 ஜோடி அடேலி பென்குயின்கள் இருந்தன. இன்று அதில் ஒரு சிறு பங்கே. பனியை அவ்வளவாகச் சாராத ஜென்டூ பென்குயின்கள் 1990-களில் அங்கே குடியேறிப் பெருகிவருகின்றன. பென்குயின் இருக்கிறதே என்று இதில் ஆறுதல் தேட என்னால் முடியவில்லை.

ஜனவரி 17

மேற்கே பெல்லிங்ஸ்ஹவுசன் கடல். 2022-ல் அங்கே ஐந்து எம்பரர் பென்குயின் கூட்டங்களில் நான்கு தங்கள் குஞ்சுகளைப் பறிகொடுத்தன. நீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே காலடிப் பனி உடைந்துபோயிற்று. எச்சத்தின் பழுப்புக் கறையை வைத்துச் செயற்கைக்கோள் படங்களில் இக்கூட்டங்களைத் தேடுகிறோம். அந்த ஆண்டு கறை மறைந்த படங்களை இன்று மறுபடி பார்த்தேன். வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 20

யானை சீல் ஒன்றின் அளவீடுகள் மின்னஞ்சலில் வந்தன. மயிர் உதிர்ந்து முடிந்ததும் தலையில் ஒட்டப்படும் சிறு கருவி, முங்கும்போதெல்லாம் உப்பையும் வெப்பத்தையும் பதிந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிடும். அடுத்த ஆண்டு மயிரோடு தானே விழுந்துவிடும். சாதாரணமாக ஐந்நூறு மீட்டர் முங்கும் விலங்கு இது.

கப்பல் நுழைய முடியாத குளிர்கால மாதங்களில் பனிக்கடியில் என்ன நடக்கிறது என்பதில் பெரும்பகுதியை இவைதான் நமக்குச் சொல்லியிருக்கின்றன. 2004 முதல் துருவக் கடல்களில் சேர்ந்த இத்தகைய அளவீடுகள் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. கோடையில் மட்டும் அளந்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் பேசுவது தவறு என்று கூட்டங்களில் நான் சண்டை போடுவதற்கு இந்தச் சீல்களே ஆதாரம்.

நாளை தெற்கே, ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டை நோக்கி நகர்கிறோம். மிதக்கும் பனி இடம் விட்டால் விளிம்பிலேயே கருவியை இறக்குவோம். இல்லையென்றால் எவ்வளவு நெருங்க முடிகிறதோ அங்கே.