தோட்டத்திலிருந்து மாநில மகளிர் கிரிக்கெட் அணிக்கு

“மாநில அணித் தேர்வுக்கு எப்படிப் போனீங்க அக்கா?” என்று பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மலேசியாவின் சிலாங்கூர் மாநில மகளிர் கிரிக்கெட் அணிக்காக நான் போய் வந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தடை பந்துதான். நாமெல்லாம் தமிழ்ப்பள்ளித் திடலில் அண்ணன்களோடு டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்கள். அது நெஞ்சுயரம் எழும்பும். மட்டையைக் குறுக்கே வீசினால் செம்பனை மரங்களுக்குள் போய் விழும். தோல் பந்து அப்படி எழும்பாது, வழுக்கிக்கொண்டு காலுக்கு வரும். அதே வீச்சை வீசினால் ஸ்டம்ப் பறந்துவிடும். முழங்கையை உயர்த்தி நேர் மட்டையில் ஆடப் பழகவே எனக்குப் பல மாதம் பிடித்தது.

பந்து வாங்கும்போது பெண்களுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். நம் பந்து 140 முதல் 151 கிராம், ஆண்களுடையது 155.9 முதல் 163 கிராம். கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். ஆடுகளத்தின் நீளம் மட்டும் இருவருக்கும் அதே 22 கஜம்.

எனக்குப் பந்து எறிந்தது அப்பா. காலையில் செம்பனைக் குலை அறுத்துவிட்டு வந்து, சாயங்காலம் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் நின்று எறிவார். கிரிக்கெட் தெரியாது, ஆனால் தோள் வலு அப்படி. தையலின் இரு பக்கமும் இரண்டு விரல், அடியில் கட்டை விரல் என்று நான் காட்டிக்கொடுத்ததும் அவர் எறிந்த பந்து தையல் நிமிர்ந்தபடியே வந்தது. அந்தப் பந்துகளைப் பிடித்துப் பிடித்துத்தான் என் உள்ளங்கை பழகியது.

அம்மாவுக்குக் கவலை வேறு. யார் கூடப் போவது, இருட்டுவதற்குள் வர முடியுமா? நியாயமான கேள்விதான். தோட்டத்துக்கு வரும் பஸ்ஸை நம்ப முடியாது. பக்கத்து வீட்டு மாமா வேன் கொடுத்தார், பெட்ரோல் காசு நாங்கள் போட்டோம். சரி, போய்வா என்றார் அம்மா.

என்னிடம் கேட்ட தாள்கள்: அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திர நகல், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம். அவ்வளவுதான்.

தேர்வில் மட்டை பிடிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பீல்டிங்குக்குத்தான் நீண்ட நேரம் ஒதுக்கினார்கள். எல்லைக் கோட்டிலிருந்து கீப்பர் கைக்கு நேராக எறிவது, ஓடிக்கொண்டே குனிந்து எடுப்பது, உயரக் கேட்ச். தோட்டத்துப் பிள்ளைகள் ஜெயிக்கிற இடம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். சொந்தக் கால் பேட் இல்லையா என்று ஒருவர் முகம் சுளித்தார். ஷா ஆலாமிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். இன்றும் அவள் என் தோழி.

முதல் ஆண்டு காத்திருப்போர் பட்டியல். அடுத்த ஆண்டு அணியில் பெயர் வந்தது.

2025 ஜனவரி, பிப்ரவரியில் 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்திய அணியில் மதுரைப் பெண் கமலினி. கிள்ளான் பாயு எமாஸ் திடலில் அந்த இந்திய அணியிடம் நம் மலேசியப் பிள்ளைகள் 31 ரன்னில் சுருண்டார்கள். வைஷ்ணவி சர்மா 5 ரன் கொடுத்து 5 விக்கெட், அதில் ஹாட்ரிக், அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட். மனசு வலித்தது. ஆனால் அதைத் திறமைக் குறைவு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சின்ன வயதிலேயே தோல் பந்தும் பாய் விரித்த ஆடுகளமும் கிடைக்க வேண்டும். நம் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய வினிஃப்ரெட் துரைசிங்கம் போல நம்மிடையே இன்னும் பலர் வர முடியும்.

அதற்காகத்தான் ஞாயிறு சாயங்காலம் பள்ளித் திடலில் ஆடுகளப் பாய் விரித்துப் பயிற்சி நடத்துகிறோம். பத்து வயதிலிருந்து வரலாம். அம்மாக்களும் வந்து உட்காரலாம். கால் பேட், ஹெல்மெட் இருக்கிறது; இடக்கை ஆட்டக்காரிகளுக்குக் கிளவுஸ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.