சந்தன நிறத்தில் தெரிந்த நிழல்

போன மாசி மாதம் ஒரு பெரியவர் தன் பேத்தியின் தெரட்டிச் சீருக்கு, அதாவது பூப்பு நீராட்டு விழாவுக்கு, பத்திரிகை அடிக்க வந்திருந்தார். சந்தன நிறப் பின்னணி, மேலே பிள்ளையார், ஓரத்தில் மாவிலைத் தோரணம். கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் செய்து முடித்து, அவருக்குக் காட்டுவதற்காக எஃப்9 அழுத்தித் திரை முழுக்க வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், "ஏனுங் அம்மணி, இந்த ஓரத்துல என்னமோ கட்டங்கட்டமா நெழலாட்டந் தெரியுதுங்களே?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வெளிச்சம் அப்படி அடிக்குது" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது தப்பு. அவர் போனபிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தால், அவர் சொன்னது அத்தனையும் நிஜம். வலது ஓரத்தில் மேலிருந்து கீழே வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். இடது பக்கம் நீளமாக ஒரு பட்டை. கோரல் டிராவின் கலர் பேலட்டும் டூல்பாக்ஸும்தான் அவை. எஃப்9 போட்டால் இரண்டும் மறைந்துவிட வேண்டும். மறைந்தும் இருந்தன. ஆனால் அவை இருந்த இடம் அப்படியே தெரிந்தது.

பெருந்துறையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் செய்வோம். பழைய மானிட்டர் போனதும் ஈரோட்டுக்குப் போய் ரீஃபர்பிஷ்டு மானிட்டர் ஒன்று வாங்கினேன். 22 இன்ச், ஐபிஎஸ் பேனல், 3,800 ரூபாய், ஒரு மாத டெஸ்டிங் வாரண்டி. பெரிய ஆபீஸ்களிலிருந்து மொத்தமாகக் கழித்துவிடுகிறவை இப்படி வருகின்றன. கடையில் ஒரு இயற்கைக் காட்சியை ஓடவிட்டுக் காட்டினார்கள். பச்சைப் பசேலென்று பிரமாதமாக இருந்தது. மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

எங்கள் கடையில் வேலை பழகுகிற பெண், அந்தக் கட்டங்களை அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கப் போனாள். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். எல்சிடி திரையை அழுத்தக் கூடாது. அதுவும் ஈரம் ஓரத்தில் இறங்கினால் பேனலே போய்விடும்.

அப்புறம் நான் செய்த முதல் காரியம், பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து என் போனுக்கு அனுப்பியது. போனில் திறந்தால் சந்தன நிறம் சுத்தமாக இருந்தது, ஒரு கட்டமும் இல்லை. அதே திரையைப் போன் கேமராவால் படம் எடுத்தால் கட்டங்கள் விழுந்தன. ஆக, கம்ப்யூட்டர் அனுப்புகிற படத்தில் கோளாறு இல்லை, காட்டுகிற கண்ணாடியில்தான் இருக்கிறது. இந்த ஒரு சோதனை எனக்கு இரண்டு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னவர்களும் கேபிளை மாற்றச் சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டுக்கும் அவசியமே வரவில்லை.

மானிட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். அந்தத் தம்பி, "யூஸ் பண்ணப் பண்ண சரியாயிரும்க்கா" என்றார். அவர் சொன்னதற்கு நேர்மாறானதுதான் உண்மை என்பது பிறகுதான் புரிந்தது. பயன்படுத்தாமல் விட்டால்தான் சரியாகும்.

அதைக் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலை 5 மணிக்குத்தான் வந்தது. எங்கள் யூபிஎஸ் இருபது நிமிடம்கூடத் தாங்காது. அன்று முழுக்கக் காகிதத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் அந்தச் சந்தன நிறப் பத்திரிகையைத் திறந்து எஃப்9 அழுத்தினேன். கட்டங்களைக் காணோம். தலையைச் சாய்த்து, எழுந்து நின்று, பக்கத்தில் வந்து எல்லாம் பார்த்தேன். துளியும் இல்லை. மறுநாள் மதியம் மூன்று மணிக்கெல்லாம் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டன.

ஒரு படம் திரையில் தங்குகிறது, ஓய்வு கொடுத்தால் போகிறது என்றால் அது காயம் இல்லை. அதற்கு மேல் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடிப் படித்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

எல்சிடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகத்தை வைத்து மூடியது. திரவமும் இல்லாமல் திடமும் இல்லாமல் நடுவாந்தரமாக நிற்கும் பொருள் இது. 1888-இல் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் இந்தக் குணத்தை முதலில் கவனித்திருக்கிறார், அதுவும் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது. மானிட்டரில் இந்தப் படிகப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவுதான். மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பும். எவ்வளவு திரும்புகிறதோ அதற்கேற்ப, பின்னாலிருக்கும் விளக்கின் ஒளி முன்னால் வரும். என் மானிட்டர் 1920-க்கு 1080. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவுகள் என்றால் மொத்தம் 62,20,800 கதவுகள்.

இந்தக் கதவுகளுக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் படிகம் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிளஸ், மைனஸ் என்று திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் காட்டுகிற மானிட்டரில் ஒரு நொடிக்கு 30 தடவை பிளஸ், 30 தடவை மைனஸ். இரண்டும் தராசு முள் போலச் சமமாக இருந்தால் வம்பில்லை. கொஞ்சம் பிசகினால் ஒரு பக்கம் மட்டும் துளித்துளியாக மிச்சம் சேரும். திரவப் படிகத்தில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் மின்னேற்றம் உள்ள அயனிகள் சில கலந்தே இருக்கும். அந்த மிச்ச அழுத்தம் அவற்றை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளி, கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பாலிமைடு படலத்தில் ஒட்டவைத்துவிடுகிறது. படம் மாறினாலும் ஒட்டியவை உடனே கிளம்புவதில்லை. அவை அங்கே இருக்கும்வரை அந்தக் கதவு சரியாகத் திரும்பாது. நாம் பார்க்கும் நிழல் அதுதான். இமேஜ் பெர்சிஸ்டன்ஸ் என்கிறார்கள்.

கயிற்றுக் கட்டிலில் வெறும் உடம்போடு படுத்து எழுந்தால் முதுகில் கயிற்றுத் தடம் பதிந்திருக்குமே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன். கண்ணயர்ந்து எழுந்தால் முகம் கழுவுவதற்குள் போய்விடும். விடிய விடியப் படுத்திருந்தால் காபி குடித்து முடித்த பின்னும் இருக்கும். பழைய குண்டு டிவியிலும் பிளாஸ்மாவிலும் வருகிற பர்ன்-இன் வேறு விஷயம். அங்கே ஒளி தருகிற பாஸ்பரே தேய்ந்துவிடுகிறது. தேய்ந்த செருப்பு வளராது.

சந்தன நிறத்தில் மட்டும் ஏன் அப்படித் தெரிந்தது என்பதற்கும் காரணம் கிடைத்தது. சுத்த வெள்ளையிலும் சுத்தக் கறுப்பிலும் மின்னழுத்தம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் வெளிச்சத்தில் பெரிதாக வித்தியாசம் வராது. நடுத்தர நிறங்களில்தான் இம்மி பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் நடுத்தர நிறம்தான் சோறு போடுகிறது. சந்தனம், இளமஞ்சள், வெளிர் ரோஜா இல்லாமல் எந்தச் சீர்ப் பத்திரிகை இருக்கிறது?

அதன்பிறகு மூன்று வாரம் ஜாப் டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவாந்தரமான சாம்பல் நிறத்தை, அதாவது 0 முதல் 255 வரையான அளவில் மூன்று நிறமும் 128, ஒரு முழுத்திரைப் படமாகச் செய்து வைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கோரல் டிரா ஓடினால் வந்த நிழல், திரையை அணைத்துவிட்டால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கலைந்தது. மதியம் முழுக்க ஓடினால் ராத்திரி அணைத்து வைத்து காலையில்தான் தெளிந்தது. வெயில் ஏற ஏற நிழலும் சீக்கிரம் வந்தது. எங்கள் கடை சிமெண்ட் ஷீட் போட்டது. பங்குனி மதியத்தில் மானிட்டரின் முதுகில் கை வைக்க முடியாது. சூட்டில் அயனிகள் சுலபமாக நகரும் என்று படித்தது அங்கே கண்முன் நடந்தது. மேஜை விசிறியை மானிட்டருக்குப் பின்னால் திருப்பிவைத்த நாட்களில் கொஞ்சம் பரவாயில்லை.

பிரைட்னஸைக் குறைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பிரைட்னஸ் பின்விளக்கைத்தான் குறைக்கும், படிகத்துக்குப் போகிற அழுத்தம் மாறாது. சூடு குறையும், அந்த மட்டுக்கு நல்லது. வெள்ளைத் திரையை ஓடவிடுவதும் செய்து பார்த்தேன். வேலை நடுவே அணைக்க முடியாதபோது அது உதவுகிறது. ஆனால் என் அனுபவத்தில் அணைத்துப் போடுவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

இப்போது ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை தானே அணையும்படி வைத்திருக்கிறேன். டாஸ்க்பாரை மறைத்துவிட்டேன். கலர் பேலட்டைக் காலையில் வலதில் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழே மாற்றுகிறேன். ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கவிடுவதில்லை. சாப்பிடப் போகும்போது அந்தப் பெண்ணே மானிட்டர் சுவிட்சை அணைத்துவிடுகிறாள்.

இத்தனை செய்தும் ஒன்று மட்டும் போகவில்லை. சாம்பல் படத்தை வைத்தால் திரையின் அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மிக மெல்லிய ஒரு பட்டை. இடது மூலையில் ஸ்டார்ட் பட்டன் அளவுக்குச் சதுரம். வலது மூலையில் மணி காட்டும் இடம். என் டாஸ்க்பார் அது இல்லை, என்னுடையதைவிட உயரம் அதிகம். இந்த மானிட்டர் முன்பு இருந்த ஆபீஸில், வருடக்கணக்காகக் காலையிலிருந்து மாலைவரை நின்ற டாஸ்க்பார் அது. ஓய்வு கொடுத்தால் கலைகிற எல்லையை அது தாண்டிவிட்டது. யாரோ ஒருவர் அந்த மணியைப் பார்த்துப் பார்த்து வேலை செய்திருப்பார் என்று நினைக்கும்போது அந்தப் பட்டைமேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் விற்கிறவர்கள் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். தெரிந்தே வாங்கினால் அது வேறு கணக்கு. வாரண்டி மாதம் முடிந்த பிறகுதான் நான் அந்தப் பட்டையைக் கண்டேன்.

தெரட்டிச் சீர்ப் பத்திரிகை அச்சாகி வந்தபோது அந்தப் பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நீங்க பாத்தது சரிதானுங்க. நாந்தான் இல்லைன்னு சொல்லிட்டனுங்க" என்றேன். பத்திரிகையை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்லீங் அம்மணி, பளிச்சுன்னு இருக்குது" என்று பையில் போட்டுக்கொண்டார்.

போன வாரம் அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு சிஸ்டம் போட, மறுபடி ஈரோடு போனேன், வேறு கடைக்கு. பென் டிரைவில் என் சாம்பல் படம் இருந்தது. கடைக்காரரிடம் அதைப் போட்டு, முதலில் கால் மணி நேரம் வேறு எதையாவது நிறுத்திவைத்து, அப்புறம் சாம்பலைக் காட்டச் சொன்னேன். யோசித்தார், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் மானிட்டரில் அடியில் பட்டை. இரண்டாவதில் நடுவே ஏதோ பில் போடுகிற படிவத்தின் கோடுகள். மூன்றாவதில் லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தோம், அவரும் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அதைக் கட்டித் தரச் சொன்னேன்.

"அந்தப் படத்த எனக்கும் ஒரு காப்பி குடுத்துட்டுப் போங்க்கா" என்றார். அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.