மணிக்கு இடம் உண்டு

இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருஷம் வரைக்கும் நான் ஒரு பப்புக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஊரில் பார் இருக்கிற தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவோம். டார்லிங்டனுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதை மாற்றியது எங்கள் நாய் மணி.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் நடக்கப் போனோம். மண் பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிய சுவர்கள். கருமுகமும் வெளுத்த மூக்கும் சுருண்ட கொம்புமாக ஆடுகள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இருந்தது ஒரு பப் மட்டும்தான். "நாயோடு வரலாமா?" என்று என் கணவர் தயங்கிக் கேட்டார். கவுண்டரில் நின்ற அம்மா, மணியைத் துடைக்க ஒரு பழைய துண்டை எடுத்து நீட்டினார்.

கம்பளம் விரித்த சாப்பாட்டு அறைக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. கல் பாவிய பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம். கயிறு மட்டும் கையில் இருக்க வேண்டும். கணப்பு அடுப்பின் முன்னால் ஏற்கெனவே மூன்று நாய்கள் படுத்திருந்தன. நாங்கள் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியும் யாரும் எங்களிடம் வரவில்லை. நம்மை மட்டும் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று மனசு எங்கெங்கோ போனது. பக்கத்து மேசைப் பெரியவர்தான் சொன்னார்: இங்கே நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்துவிட்டு வர வேண்டுமாம். எல்லோருக்கும் அதே முறைதான் என்று தெரிந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

நான் லைம் சோடா வாங்கினேன், என் கணவர் இறைச்சி ரோஸ்ட் வாங்கினார். கூடவே யார்க்‌ஷயர் புட்டிங் வந்தது. பெயர்தான் புட்டிங், இனிப்பே கிடையாது. மாவும் முட்டையும் பாலும் கரைத்து, காய்ந்த கொழுப்பில் ஊற்றி ஓவன் அடுப்பில் உப்ப வைப்பது. நடுவில் இருக்கும் குழியில் கிரேவியை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் இரண்டு வருஷமாக வானிலையைத் தாண்டி யாரோடும் பேசியதில்லை. இங்கே அரை மணி நேரத்தில் மூன்று பேர் வந்து மணியின் பெயரைக் கேட்டார்கள். அப்புறம்தான் எங்கள் பெயர்களை. பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கமே பப் என்றார் பெரியவர். டான் ஹில் கதையையும் அவர்தான் சொன்னார். பள்ளத்தாக்குக்கு மேலே, 1,732 அடி உயரத்தில் இருக்கிறது அந்த விடுதி. பிரிட்டனிலேயே உயரமான பப். 2021 நவம்பரில் ஆர்வென் புயலின்போது பனி பாதையை மூடிவிட, 61 பேர் மூன்று இரவு உள்ளேயே தங்கிவிட்டார்கள். அன்று பாட வந்திருந்த இசைக்குழுவும் அதில் அடக்கம். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து சாப்பிட்டு, பாடி, கிடைத்த இடத்தில் படுத்திருக்கிறார்கள். கேட்டபோது ஊர் வெள்ளத்தில் பள்ளிக்கூடத்தில் தங்கிய ராத்திரிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

மணி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். கவுண்டருக்கு மேலே தொங்கிய பித்தளை மணியைக் காட்டினேன். கடைசி ஆர்டருக்கு அதைத்தான் அடிப்பார்கள்.

ஜனவரியில் அதே இடத்தில் மாடி அறை எடுத்து ஓர் இரவு தங்கினோம். நாயோடு தங்க இரண்டே அறைகள்தான், முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். அன்று இரவு அந்த மணி அடித்ததும், மூலையிலிருந்து அதே பெரியவர் "மணி!" என்று குரல் கொடுத்தார். ணகரம் சுத்தமாக வந்தது. இவன் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுப்போரம் மறுபடி சுருண்டுகொண்டான்.