கைப்பட்டையும் பெருந்தமனி அழுத்தமும்

மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றி நாம் பெறும் இரண்டு எண்களும், அதாவது இதயம் சுருங்கும்போதுள்ள மேல் அளவும் விரியும்போதுள்ள கீழ் அளவும், மேற்கைத் தமனிக்கு உரியவை. இதயத்தின் இடக் கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் எதிர்த்துத் தள்ள வேண்டியது பெருந்தமனியின் தொடக்கத்தில் நிலவும் அழுத்தத்தை. மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் போகும் தமனிகள் உணர்வதும் பெரும்பாலும் அந்த அழுத்தத்தைத்தான். மருத்துவக் கருவியியல் கற்பிக்கும் எனக்கு, இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மருத்துவமனைகளில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை என்ற வருத்தம் உண்டு.

சராசரி அழுத்தமும் கீழ் அளவும் பெருந்தமனியிலிருந்து மேற்கை வரை ஏறக்குறைய மாறாமல் வருகின்றன. மாறுவது மேல் அளவு. தமனி மரம் கிளைத்துக் குறுகும் இடங்களிலிருந்து அழுத்த அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. மேற்கையில் திரும்பும் அலை முன்செல்லும் அலையின் உச்சியோடு சேர்ந்துகொள்வதால் அங்கே உச்சி உயர்கிறது. இளைஞர்களிடம் இந்த உயர்வு மிகுதி. உயரமான, ஆரோக்கியமான இளைஞர் சிலருக்கு மேற்கையில் 140-ஐத் தாண்டிய மேல் அளவும் பெருந்தமனியில் இயல்பான அளவும் இருப்பது இதனால்தான். வயது ஏற ஏறப் பெருந்தமனி விறைத்து, அலை விரைந்து சென்று விரைந்து திரும்பி, இதயம் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே பெருந்தமனியை வந்தடைகிறது. அப்போது அங்குள்ள உச்சியும் ஏறி, இரண்டு இடங்களுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிவிடுகிறது.

இது வெறும் இயற்பியல் ஆர்வம் அல்ல என்பதை 2006-இல் வெளியான கேஃப் ஆய்வு தெளிவாகக் காட்டியது. இரத்த அழுத்த மருந்துகளான அட்டெனோலால் சார்ந்த சிகிச்சையையும் அம்லோடிபைன் சார்ந்த சிகிச்சையையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஒப்பிட்டபோது, கையில் அளந்த மேல் அளவில் வேறுபாடு 0.7 மி.மீ. பாதரசம் மட்டுமே, பெருந்தமனியில் மதிப்பிட்ட மேல் அளவிலோ அது 4.3 மி.மீ. அட்டெனோலால் துடிப்பைத் தாழ்த்துவதால் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் நேரம் நீள்கிறது, திரும்பும் அலை அதற்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. கைப்பட்டை இரண்டு மருந்துகளையும் சமமென்று சொல்லியிருந்தது.

அந்த ஆய்வில் மணிக்கட்டுத் தமனியின் மேல் உணரியை அழுத்திப் பிடித்து அலையைப் பதிவுசெய்தார்கள். அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். பட்டையால் அதே வேலையைச் செய்யும் கருவிகள் பின்னர் பரவின. வழக்கம்போல் அழுத்தத்தை அளந்த பிறகு, பட்டையை மறுபடி கீழ் அளவுக்கு அருகே நிறுத்திச் சில நொடிகள் அதன் காற்றழுத்தத்தில் எழும் சிற்றசைவுகளை இவை பதிவுசெய்கின்றன. ஆர்டீரியோகிராஃப் போன்ற வேறு சில, மேல் அளவுக்கும் மேலே காற்றேற்றித் தமனியை முழுதாக அடைத்துவிட்டு, அடைப்பின் மேல் மோதும் அலையைப் படிக்கின்றன. கிடைத்த அலையிலிருந்து பெருந்தமனி அலையைக் கணிப்பது, பலரிடம் கதீட்டர் (தமனிக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியே பெற்ற பதிவுகளைக் கொண்டு உருவாக்கிய பொதுவான கணிதச் சார்பாகவோ அதையொத்த வேறொரு கணக்காகவோ இருக்கும்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. பட்டை தருவது அலையின் வடிவம் மட்டுமே, அதற்கு மி.மீ. பாதரசம் என்ற அளவை ஏற்ற, அதே பட்டை சற்று முன்னர் சொன்ன எண்களைத்தான் நம்பியிருக்கிறோம். தமனிக்குள் நேரடியாக அளப்பதோடு ஒப்பிட்டால் பட்டை பொதுவாக மேல் அளவைக் குறைத்தும் கீழ் அளவைக் கூட்டியும் காட்டுகிறது. எனவே மேல், கீழ் அளவுகளைக் கொண்டு அலையைத் திருத்தினால், அதாவது அதற்கு அளவை ஏற்றினால், அந்தப் பிழை பெருந்தமனிக் கணிப்புக்கும் அப்படியே போய்ச் சேருகிறது. தானியங்கிக் கருவியில் அசைவுகள் மிகப் பெரிதாகும் இடம் சராசரி அழுத்தத்தோடு நெருங்கியது. மேல் அளவும் கீழ் அளவும் அதிலிருந்து உற்பத்தியாளரின் சூத்திரம் வருவிப்பவை. ஆகவே சராசரியையும் கீழ் அளவையும் கொண்டு திருத்துவதே எனக்கு நியாயமாகப் படுகிறது. மோபில்-ஓ-கிராஃப் கருவியில் இரண்டு வழிகளும் உண்டு. சராசரி வழியைத் தேர்ந்தால் பெருந்தமனியின் மேல் அளவு சிலரிடம் கையில் அளந்ததையே மிஞ்சிவிடும். முதன்முறை பார்ப்பவர் கருவி பழுதென்று எண்ணுவார். உண்மையில் கையின் எண் குறைவாக வந்திருப்பதை அது வெளிப்படுத்தக்கூடும்.

2017-இல் தமனி ஆய்வாளர்களின் அமைப்பான ஆர்டெரி சங்கத்தின் பணிக்குழு, இத்தகைய கருவிகளைக் கதீட்டர் அளவீட்டோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும், சராசரி வேறுபாடு 5 மி.மீ.க்குள்ளும் திட்ட விலக்கம் 8 மி.மீ.க்குள்ளும் அமைய வேண்டும் என்று வரையறுத்தது. ஒப்பிடும் கதீட்டரும் நுனியில் உணரி பொருத்தியதாக இருந்தால் நல்லது. திரவம் நிரப்பிய குழாய் அலையின் வடிவத்தையே குலைக்கக்கூடும்.

ஆகவே அறிக்கையில் பெருந்தமனியின் மேல் அளவைக் காணும் மருத்துவர், எந்தக் கருவி, எந்த வகைத் திருத்தம் என்ற இரண்டையும் அதனருகிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த இரண்டும் மாறாதவரை ஒரே நோயாளியின் எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். மாறியிருந்தால் பத்து மி.மீ. இறக்கம் மருந்தின் பலனா திருத்தத்தின் விளைவா என்று சொல்ல வழியில்லை.