ரிப்போர்ட்ல அந்த ஆல்புமின் வரியப் பாருங்க

கோபில எங்க பெரியப்பாவுக்கு வாய்ல கேன்சர்னு தெரிஞ்சதுல இருந்து வர்றவங்க போறவங்க எல்லாம் கேக்குறது எந்த ஸ்டேஜுன்னுதானுங்க, எடை எவ்ளோ எறங்குச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. தலை, கழுத்து கேன்சர்ல அதுவும் பெரிய விஷயமுங்க. ரத்த ரிப்போர்ட்லயும் பாக்கணுமுங்க, ஆல்புமின்ங்கற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழ போயி, அழற்சி இருந்தா ஏறுற சிஆர்பிங்கற புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல ஏறியிருந்தா ஆயுசு கொறையற வாய்ப்பு ஜாஸ்தின்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க, ரத்த வெள்ளணுக்கள்ல நியூட்ரோஃபில் எண்ணிக்கைய லிம்ஃபோசைட் எண்ணிக்கையால வகுத்தா வர்ற விகிதம் எகிறுனாலும் அப்படித்தான். ஊட்டச்சத்த வெச்சு நோய் எப்படிப் போகும்னு கணிக்கற பிஎன்ஐன்னு இன்னொரு கணக்கு, ஆல்புமின 10ஆல, லிம்ஃபோசைட் எண்ணிக்கைய 0.005ஆல பெருக்கிக் கூட்டணும். பெரியப்பாவுக்கு ஆல்புமின் 3.2, லிம்ஃபோசைட் 1200, ஆக 38. கம்மிதான்.

நாலு முட்டை சேத்துக் குடுத்தா ஆல்புமின் ஏறிராதான்னு பெரியம்மா கேட்டாங்க. எங்கீங்க, ஒடம்புல அழற்சி இருந்தா கல்லீரலே ஆல்புமின் செய்யறதக் கொறச்சுக்குது. அதுக்காக சோத்த விடவும் முடியாதுல்ல, ரேடியேஷன்ல வாயெல்லாம் புண்ணாகி இப்ப அரிசிம்பருப்பு சோத்த மிக்ஸில அடிச்சு நெய் ஊத்தி ஸ்பூன் ஸ்பூனா எறக்கறாங்க. அதுவும் எறங்கலைன்னா மூக்குல டியூப் போடலாமுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு, சொந்தக்காரங்கதான் அதக் கேட்டு இப்பவே ஒப்பாரி வெக்கறாங்க.