ஆறாத வாய்ப்புண்ணில் தொடங்கி ரிட்டுக்சிமாப் வரை: பெம்ஃபிகஸோடு என் அனுபவம்

பெம்ஃபிகஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச்சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளம் வரவைக்கும் வருத்தம். எனக்கு அது முதலில் வாய்க்குள்தான் வந்தது. கன்னத்தின் உட்புறமும் முரசும் தோல் உரிந்த மாதிரிச் சிவந்து கிடந்தன. உறைப்பை விடுங்கள், சொதி பட்டாலே எரிந்தது, பாணைத் தேத்தண்ணியில் நனைத்துத்தான் விழுங்கினேன். வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள், பல் டொக்டர் பூச ஜெல்லும் விற்றமின் குளிசையும் தந்தார், மாதக்கணக்கில் ஆறவேயில்லை. பிறகு நெஞ்சிலும் முதுகிலும் தளர்வான கொப்புளங்கள், சட்டை உரசினாலே உடைந்துவிடும். பக்கத்து வீட்டு அன்ரி கொப்பளிப்பான் என்று நினைத்து வேப்பிலை கொண்டுவந்து தந்தார். ஆனால் கொப்பளிப்பான் வைரசால் வருவது, ஒட்டும், சில கிழமைகளில் காய்ந்துபோகும். இது யாருக்கும் ஒட்டவில்லை, எனக்குக் காயவுமில்லை. வாய்ப்புண் மூன்று கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தால் தயவுசெய்து சூடு, விற்றமின் என்று காலம் கடத்தாமல் பெரிய டொக்டர் ஒருவரிடம் காட்டுங்கள்.

தோல் கிளினிக்கில் டொக்டர் கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த தோலை விரலால் அழுத்தித் தேய்த்தார், அதுவும் வழுக்கிக்கொண்டு உரிந்தது. நிக்கோல்ஸ்கி அறிகுறி என்று சொல்லி அன்றைக்கே பயாப்ஸிக்கு, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு, எழுதினார். இந்த பயாப்ஸி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு முடிவும் இதில்தான் தங்கியிருக்கிறது. இரண்டு துண்டு வேண்டும். ஒன்று புதுக் கொப்புளத்தின் விளிம்பில் எடுப்பது, அது ஃபோர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகும். மற்றது கொப்புளத்துக்கு அருகிலுள்ள, உரியாத தோலில் எடுப்பது, அதை ஃபோர்மலினில் போடவே கூடாது, போட்டால் தோலில் ஒட்டியிருக்கும் பிறபொருளெதிரியை (கிருமிகளை எதிர்க்க உடம்பு செய்யும் புரதத்தை) ஒளிரவைத்துக் காட்டும் சோதனை சரியாக வராது. அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது, இல்லாவிட்டால் சேலைனில் போட்டு உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். மிஸ்ஸி இரண்டு போத்தலிலும் பெயர் எழுதும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன், அக்கா ஆட்டோ பிடித்து நேரே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அறிக்கையில் இரண்டு விஷயம் இருந்தது. மேற்றோலின் அடிவரிசைக் கலங்கள் இருந்த இடத்திலேயே நிற்க, அவற்றுக்கு மேலே உள்ளவை ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருந்தன. மற்றத் துண்டில் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் ஐஜிஜி என்ற பிறபொருளெதிரி மீன்வலை போல ஒளிர்ந்தது. அதாவது பெம்ஃபிகஸ் வல்காரிஸ்.

அப்புறம் இருந்து படித்தேன், படிக்கப் படிக்கப் பயம் குறைந்தது. தோல் கலங்களை ஒன்றோடொன்று பிடித்துவைப்பவை டெஸ்மோசோம்கள். அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதங்கள் கல்சியத்தின் துணையோடு பக்கத்துக் கலத்தின் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. என் உடம்பு அந்தப் புரதத்துக்கு எதிராகவே பிறபொருளெதிரி செய்கிறது. இந்த வருத்தத்தின் இலக்கு அவற்றில் டெஸ்மோகிளீன் 3 என்ற வகை என்பது 1991இல் அமகாய், ஸ்டான்லி ஆகியோரின் ஆய்வில் தெரியவந்தது. வாயில் ஏன் முதலில் வந்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வாய்க்குள் பிடிமானம் பெரும்பாலும் டெஸ்மோகிளீன் 3ஐ நம்பியே இருக்கிறது, உடம்புத் தோலிலோ டெஸ்மோகிளீன் 1உம் நிறைய இருப்பதால் 3 தாக்கப்பட்டாலும் 1 தாங்கிக்கொள்ளும். 1க்கு எதிராகவும் பிறபொருளெதிரி உருவாகும்போதுதான் தோலும் கொப்பளிக்கிறது. 1 மட்டும் தாக்கப்படுவது பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ், அதில் வாய் தப்பிவிடும். சின்னப்பிள்ளைகளுக்கு ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமியால் கொப்புளம் வருகிறதே, அந்தக் கிருமியின் நச்சும் வெட்டுவது இதே டெஸ்மோகிளீன் 1ஐத்தான்.

சரி, சிகிச்சை. 1950களில் ஸ்டீரொயிட் வருமுன் இந்த வருத்தம் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை, அதனால் எனக்குத் தந்த ஸ்டீரொயிட்டான பிரெட்னிசொலோனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முகம் வீங்கியது, சீனி ஏறியது, நித்திரை போனது. கல்சியமும் விற்றமின் டியும் கூடவே தந்தார்கள். திடீரென்று மட்டும் அதை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

அடுத்தது ரிட்டுக்சிமாப், நாளத்தில் ஏற்றும் மருந்து. அதற்கு எழுதும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனையும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரேயும் கட்டாயம் என்றார்கள். மருந்து இருப்பு வரும்வரை காத்திருந்த நாட்கள்தான் மிகவும் கஷ்டமாக இருந்தன. 1000 மில்லிகிராம், இரண்டு கிழமை கழித்து இன்னொரு 1000, ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்காக மெதுவாக ஏற்றினார்கள். பிரான்சில் 90 நோயாளிகளை வைத்துச் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வில், ரிட்டுக்சிமாப்போடு குறுகிய காலம் ஸ்டீரொயிட் எடுத்தவர்களில் 89 வீதமானோர் இரண்டு வருடத்தில் மருந்தில்லாமல் குணமாக இருந்தார்கள், ஸ்டீரொயிட் மட்டும் எடுத்தவர்களில் 34 வீதம். 2018இல் அமெரிக்காவில் இந்த வருத்தத்துக்கென்றே அனுமதி கிடைத்தது.

ஏற்றி முடிந்த கிழமையே புண் ஆறவில்லையே என்று அழுதுவிட்டேன். டொக்டர்தான் இருத்திவைத்துச் சொன்னார்: இந்த மருந்து பிறபொருளெதிரி உருவாகக் காரணமான பி கலங்களை அழிக்கிறது, இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிற ஐஜிஜியை அது தொடாது, அந்த ஐஜிஜி பாதியாகவே மூன்று கிழமை அளவில் எடுக்கும். அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நான் அவ்வளவு உடைந்திருக்க மாட்டேன். தோல் முதலில் ஆறியது, வாய் கடைசியாக. இப்போது ஸ்டீரொயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். மென்மையான பிரஷ் பாவிக்கிறேன், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதுவும் போடக்கூடாது என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.