வலது பக்கம் மட்டும் மௌனம்: ஒரு வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் பழுது

பெங்களூரு அல்சூரில் இருக்கும் நண்பர் ஒருவர், எஸ்.பி. ரோட்டில் தேடிச் சேர்த்த உதிரிப் பாகங்களைக் கொண்டு தாமே கட்டிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து கொடுத்தார். இடது சேனல் நன்றாகப் பாடியது. வலது சேனலில் இரைச்சல்கூட இல்லை. ஞாயிறு சந்தையில் வாங்கிய, பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரையுள்ள பழைய ஈசிசி82 வால்வின்மீதுதான் அவருக்குச் சந்தேகம். அந்த நிறுவனத்தின் ஜாலஹள்ளிக்காரச் சரக்கை அவ்வளவு எளிதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஈசிசி82 குமிழுக்குள் இரண்டு டிரையோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடாகி எலக்ட்ரான்களை விடும் கேத்தோடு, அவற்றை வாங்கிக்கொள்ளும் பிளேட், நடுவில் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் என மூன்று முனைகள். ஒரு டிரையோடு இடது சேனலுக்கு, மற்றொன்று வலது சேனலுக்கு. அடுத்துவரும் 6080 வால்வும் அப்படியே இரு பாதிகளாக உழைக்கிறது. ஆகையால், சேனலுக்கு ஒரு வால்வு உள்ள கருவிகளில் செய்வதுபோல இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வழியில்லை. என்னிடம் இருந்த வேறொரு ஈசிசி82ஐச் செருகியும் வலது பக்கம் பேசவில்லை என்பதால், வால்வின்மீதிருந்த சந்தேகம் பெரும்பாலும் நீங்கியது. 6.3 வோல்ட்டில் இந்த வால்வின் இரு ஹீட்டர்களும் (கேத்தோடைச் சூடாக்கும் இழைகள்) இணையாக ஓடுவதால், ஒரு பாதி மட்டும் அணைந்திருக்கவும் கூடும்; அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது இரண்டும் செம்மையாக ஒளிர்ந்தன.

உள்ளீட்டுக் கம்பிகளை இடம் மாற்றியும், ஜாக்கையும் வால்யூம் கண்ட்ரோலையும் மீட்டரால் சோதித்தும் பழுது வலது பக்கத்திலேயே நின்றது.

உள்ளே 170 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) இருப்பதால், மூடியைத் திறக்கும்முன் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று: மின்சாரத்தை நிறுத்தியதும் கை வைக்கக்கூடாது. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 220 கிலோஓம் ரெசிஸ்டர் வடிக்கும்போது, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். அதையும் மீட்டரில் பார்த்தே நம்ப வேண்டும். சோதனை முடியும்வரை ஹெட்போனைச் செருகாமல், அதன் இடத்தில் 300 ஓம் ரெசிஸ்டரை மாட்டி வைத்தேன்.

நல்ல சேனல் இருக்கும்போது வேறு வரைபடம் எதற்கு? இடது பக்கத்தில் ஈசிசி82இன் பிளேட்டில் 82 வோல்ட், கேத்தோடில் 2.8 வோல்ட், 6080இன் கேத்தோடில் 100 வோல்ட் இருந்தன. வலது பக்கத்தில் பிளேட்டில் 135, கேத்தோடில் 0, 6080இன் கேத்தோடில் 133. அந்தச் சுழியம்தான் கதையின் முடிச்சு. கேத்தோடு ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அந்த முனை சில வோல்ட்டுகள் மேலேறி நின்றிருக்கும். அதனுடன் இணைந்த கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் கேத்தோடு சுழியம் காட்டும்தான், ஆனால் மின்னோட்டம் கூடி, பிளேட் 82க்கும் கீழே விழுந்திருக்கும். கேத்தோடு சுழியமாகவும் பிளேட் உயரமாகவும் இருந்தால், டிரையோடு வழியே எதுவும் ஓடவில்லை என்றே பொருள்.

அப்படியானால் பிளேட் 170க்கே ஏறியிருக்க வேண்டாமா? அந்தப் பிளேட் நேராக 6080இன் கிரிட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கிரிட் தன் கேத்தோடைவிட மேலே போக முயன்றதும் டயோடுபோல மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ள, 47 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டரில் மீதி வோல்ட்டேஜ் விழுந்துவிடுகிறது. 6080இன் கேத்தோடில் உள்ள வலது பக்கத்து 3 கிலோஓம் ரெசிஸ்டர் இடது பக்கத்ததைவிட ஏன் அதிகமாகச் சுட்டது என்பதும் இதனால் விளங்கியது: வழக்கமான 3.3 வாட்டுக்குப் பதில் அது 6 வாட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. நண்பர் அதை 10 வாட்டில் வாங்கிப் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

இரு வால்வுகளும் நன்றாக இருந்து, ரெசிஸ்டரும் நன்றாக இருந்தால், வால்வுக்கும் ரெசிஸ்டருக்கும் இடையில் மிஞ்சுவது ஈசிசி82 செருகப்படும் சாக்கெட் ஒன்றே. மின்னேற்றம் முழுவதும் வடிந்தபின், வால்வின் கால் அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பித் துண்டொன்றை ஒன்பது துளைகளிலும் செருகி இழுத்துப் பார்த்தேன். மற்றத் துளைகள் கம்பியைக் கவ்விப் பிடித்தன. எட்டாவது துளையில் அது தானாகவே சாய்ந்து விழுந்தது. வலது பக்கத்துக் கேத்தோடின் துளை அதுதான். கம்பியை அசைத்தால் மீட்டரின் பீப் ஒலி விட்டு விட்டுக் கேட்டது. புதுச் சாக்கெட் பொருத்துவதே நிரந்தரத் தீர்வு என்றாலும், முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தையல் ஊசியால் உள்ளிருக்கும் உலோக நாக்குகளை மெல்ல உள்நோக்கி நெருக்கினேன். அழுத்தம் மிகுந்தால் பீங்கான் விரிசல் விடும் என்பதால் இதில் அவசரம் கூடாது.

பழைய பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வையே திரும்பச் செருகி மின்சாரம் கொடுத்ததும், வலது பிளேட் 81 வோல்ட்டில் வந்து நின்றது, கேத்தோடு 2.8. வால்வைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தும் அளவு மாறவில்லை. ஜாக்கில் நேர்மின்னழுத்தம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு, நண்பரின் விலையுயர்ந்த ஹெட்போனுக்கு முன்பாக என் பழைய இயர்போனைத்தான் முதலில் மாட்டினேன். எஸ்.பி. ரோட்டில் வாங்க வேண்டிய புதுப் பீங்கான் சாக்கெட்டுக்கான குறிப்பை, மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிவிட்டுத் திருகுகளை மூடினேன்.